கைக்கு ஏற்ற பட்டர்: டிஸ்க் கால்ஃபில் நான் தேர்ந்தெடுத்த விதம்

டிஸ்க் கால்ஃப் ஆடத் தொடங்குபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் தூரமாக வீசுவதற்கான டிஸ்க்கான டிரைவரைப் பற்றித்தான். எது தூரம் போகும், எது நேராகப் போகும் என்பார்கள். எனக்கோ பட்டரை, அதாவது அருகில் நின்று கூடைக்குள் போடும் டிஸ்க்கைப் பற்றிப் பேசத்தான் ஆசை. 18 ஹோல் ஆடினால் தொடக்க வீச்சு 18 முறைதான் வரும். கூடைக்குப் பக்கத்தில் நின்று வீசுவது பெரும்பாலானவர்களுக்கு அதைவிடக் கூடுதலாக வரும். பையில் இருக்கும் டிஸ்க்குகளில் அதிகம் கை படுவது பட்டர்தான். அதைப் போய் ஏதோ ஒரு சாம்பியன் வைத்திருக்கிறார் என்பதற்காகவோ, நிறம் பிடித்துவிட்டது என்பதற்காகவோ வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இந்த விளையாட்டே புதிதாகத் தோன்றுபவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கால்ஃப் மாதிரியேதான், பந்துக்குப் பதில் டிஸ்க், குழிக்குப் பதில் கம்பத்தில் பொருத்திய இரும்புக் கூடை. கூடைக்கு மேலே சங்கிலிகள் தொங்கும். டிஸ்க் அவற்றில் மோதி வேகம் இழந்து கூடைக்குள் விழ வேண்டும். வாம்-ஓ நிறுவனத்தில் ஃப்ரிஸ்பீயைச் செம்மைப்படுத்திய எட் ஹெட்ரிக், 1975-இல் லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே ஓக் குரோவ் பூங்காவில் இதற்கென முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். அங்கே முதலில் வெறும் கம்பங்கள்தான் இலக்கு. டிஸ்க் கம்பத்தில் பட்டதா இல்லையா என்ற வாக்குவாதம் ஓயவில்லை. அதற்கு அவர் கண்டுபிடித்த தீர்வுதான் சங்கிலிக் கூடை. 1976-இல் பி.டி.ஜி.ஏ. என்ற சங்கத்தையும் அவர்தான் தொடங்கினார். இன்றும் உலகம் முழுக்க அந்தச் சங்கத்தின் விதிகளின்படிதான் ஆடுகிறார்கள்.

நான் சான் ஹோசே பக்கம் வசிக்கிறேன். வழக்கமாக ஆடுவது ஹெல்யர் பூங்காவில். அவ்வப்போது சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவுக்கும், சான்டா குரூஸில் இருக்கும் டெலவியாகா மைதானத்துக்கும் போவதுண்டு. வெயிலும் காய்ந்த புல்லும் ஓரிடம், கடல் காற்றும் பனிமூட்டமும் ஓரிடம், மலைச்சரிவு ஓரிடம். எந்தப் பட்டர் என் கைக்கு ஒத்துவரும் என்பதை இந்த மூன்று இடங்களும் மூன்று விதமாக எனக்குக் காட்டிக் கொடுத்தன.

டிரைவரின் விளிம்பு அகலமாகவும் கூராகவும் இருக்கும். வேகமாக வீசினால்தான் அதன் குணம் வெளிப்படும். பட்டரின் விளிம்பு குறுகலானது, முனை மழுங்கலானது. மெதுவாக விட்டாலும் நேராக மிதக்கும், வேகம் குறைந்ததும் அடங்கி இறங்கிவிடும். எடைக்கும் ஒரு விதி உண்டு. டிஸ்க்கின் விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராமுக்கு மேல் எடை இருக்கக்கூடாது. பட்டர்களின் விட்டம் பெரும்பாலும் 21 சென்டிமீட்டரைச் சற்றுத்தான் தாண்டும். கடையில் 175 கிராம் என்ற எண்ணையே திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

பல டிஸ்க்குகளின் மேல் நான்கு எண்கள் அச்சிட்டிருப்பார்கள்: ஸ்பீட் (வேகம்), கிளைடு (மிதப்பு), டர்ன் (வேகமாகப் போகும்போது ஒரு பக்கம் திரும்புவது), ஃபேட் (வேகம் குறைந்ததும் மறுபக்கம் சாய்வது). இன்னோவாவின் ஏவியாருக்கு 2, 3, 0, 1. ஸ்வீடனின் காஸ்டாபிளாஸ்ட் செய்யும் பெர்க்குக்கு 1, 1, 0, 2. புதியவர்கள் இந்த எண்களை வைத்தே பட்டரைத் தேர்ந்தெடுக்கப் பார்க்கிறார்கள். இவை ஓரளவுக்குத்தான் உதவும். முழு வேகத்தில் வீசும்போது டிஸ்க் எப்படிப் பறக்கும் என்பதைத்தான் இந்த எண்கள் சொல்கின்றன. 20 அடியிலிருந்து கூடைக்குள் போடும் வேகத்தில் டர்ன் என்ற எண்ணுக்கு வேலையே இல்லை. அந்தத் தூரத்தில் கண்ணுக்குத் தெரிவது இரண்டு விஷயங்கள்தான்: எவ்வளவு நேரம் மிதக்கிறது, கடைசியில் எவ்வளவு சாய்கிறது. அதாவது கிளைடும் ஃபேடும். அவையும் ஒரு நிறுவனத்துக்கும் இன்னொரு நிறுவனத்துக்கும் ஒரே அளவுகோல் அல்ல. அதைவிட முக்கியம், அந்த எண்களுக்கு உங்கள் கை எப்படி விடுகிறது என்பது தெரியாது.

பட், அதாவது அருகில் நின்று கூடைக்குள் டிஸ்க்கை விடுவது; அதை விடும் முறைகளில் இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு. ஒன்று ஸ்பின். முழங்கையை மடக்கி டிஸ்க்கை வயிற்றுக்கு அருகே கொண்டுவந்து, கையை நீட்டும்போது மணிக்கட்டைச் சுண்டி விடுவது. டிஸ்க் வேகமாகச் சுழன்று, தாழ்வாக, கிட்டத்தட்ட நேர்கோட்டில் போய்ச் சங்கிலியில் அடிக்கும். இன்னொன்று புஷ். கையை அதிகம் மடக்காமல், தொடைக்கு அருகிலிருந்து மேல்நோக்கித் தூக்கி, கால்களின் பலத்தால் தள்ளி விடுவது. மணிக்கட்டுக்கு வேலை குறைவு. டிஸ்க் குறைவாகச் சுழலும். மேலே ஏறி, வளைந்து, கூடைக்குள் இறங்கும். இரண்டும் கலந்ததை ஸ்பஷ் என்பார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலானவர்கள் ஏதோ ஒரு அளவில் இந்தக் கலவைதான். சுத்தமான ஸ்பின்னும் சுத்தமான புஷ்ஷும் அபூர்வம்.

சுழற்சி ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுற்றும்வரை அசையாமல் நிற்கும். வேகம் குறைந்ததும் தலையாட்டிச் சாயும். டிஸ்க்கும் அப்படியே. ஸ்பின் பட்டில் சுழற்சி நிறைய இருப்பதால், விடும்போது சின்னத் தடுமாற்றம் இருந்தாலும் போகும் வழியிலேயே அது அடங்கிவிடும். புஷ் பட்டில் அந்த உதவி கிடைக்காது. கையை விட்டுக் கிளம்பும்போது ஒரு விரல் தடுக்கினாலும், அந்த ஆட்டம் கூடைவரை கூடவே போகும். எனவே புஷ் முறைக்காரருக்கு, டிஸ்க் கையிலிருந்து எவ்வளவு சுத்தமாகக் கழன்று போகிறது என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஸ்பின் முறைக்காரருக்குக் கவலை வேறு. வேகமாகப் போகும் டிஸ்க் குறி தவறினால் எங்கே போய் நிற்கும்?

என்னுடையது புஷ். நாள் முழுக்கக் கீபோர்டில் வேலை செய்யும் கை. மணிக்கட்டைச் சுண்டிச் சுண்டி விட்டால் மாலைக்குள் வலிக்கத் தொடங்கும். காலால் தள்ளுவது எனக்கு இயல்பாக வந்தது. என்னோடு ஆடும் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவன் இருக்கிறான், நேர் எதிர். முழுக்க மணிக்கட்டு. ஒருநாள் கடையில் நின்றுகொண்டு, "அக்கா, எல்லாரும் லூனாதான் வாங்குறாங்க. மெக்பெத்தே அதுதான் போடறார். நானும் அதையே வாங்கிடட்டுமா?" என்று கேட்டான். டிஸ்கிராஃப்ட் நிறுவனம் லூனாவை வெளியிட்டதே பால் மெக்பெத்தின் பெயரில்தான். ஆறு முறை உலகச் சாம்பியன், அவர் கையில் அது அற்புதமாகப் போகும். "அவர் கையிலருந்து எப்படிக் கிளம்புதுன்னு பாத்தியே, உன் கையிலருந்து எப்படிக் கிளம்புதுன்னு பாத்தியா?" என்று கேட்டேன். அதன் பிறகுதான் இருவரும் உட்கார்ந்து இதை ஒழுங்காக யோசித்தோம்.

முதல் வேலை, ஒருவர் விடுவதை இன்னொருவர் பக்கவாட்டிலிருந்து போனில் வீடியோ எடுத்தது. இதை எல்லோருக்கும் சொல்வேன். நாம் எப்படி விடுகிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதும் உண்மையில் விடுவதும் பல நேரம் வேறாக இருக்கும். வீடியோவை மெதுவாக ஓடவிட்டு மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். டிஸ்க்கின் உச்சம் எங்கே வருகிறது, பாதி வழியிலா, கூடைக்கு அருகிலா, அல்லது உச்சமே இல்லாமல் நேராகப் போகிறதா? விடும் கணத்தில் மணிக்கட்டு திறக்கிறதா, அப்படியே இருக்கிறதா? டிஸ்க் கூடையை நெருங்கும்போது தட்டையாக இருக்கிறதா, சாய்ந்துவிட்டதா? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் உங்கள் முறை என்னவென்று யாரையும் கேட்கத் தேவையில்லை.

அப்புறம் டெலவியாகாவில் ஒரு ஆட்டத்தில் பட்டர்களை மாற்றிக்கொண்டு ஆடிப் பார்த்தோம். அவனுடையது கேட்வே நிறுவனத்தின் விசார்ட், கெட்டியான பிளாஸ்டிக். என்னுடையது டைனமிக் டிஸ்க்ஸ் செய்யும் வார்டன், கிளாசிக் பிளெண்ட் பிளாஸ்டிக். அவன் விசார்ட்டை நான் தள்ளி விட்டபோது, நன்றாகத்தான் ஏறியது. ஆனால் கடைசியில் இடப்பக்கம் சரிந்து கூடைக்கு முன்னாலேயே விழுந்தது. வலது கைக்காரர் விடும் டிஸ்க் இறுதியில் இடம் சாய்வது இயல்பு. என் கை தரும் குறைந்த சுழற்சியில் விசார்ட்டின் ஃபேட் சீக்கிரமே வேலையைக் காட்டியது. என் வார்டன் அவன் கையிலிருந்து கிளம்பியபோது நடந்தது இதற்கு நேர்மாறு. அவன் வேகத்துக்கு அதன் கிளைடு அதிகம். உயரம் கொஞ்சம் கூடினாலும் இறங்காமல் மிதந்து, கூடைக்கு மேலேயே போய்விட்டது. இரண்டு நல்ல பட்டர்கள்தான், இரண்டும் தவறான கையில். எந்த விமர்சனத்தைப் படித்தும் இவ்வளவு தெளிவாக எனக்குப் புரிந்திருக்காது. உங்கள் கூட ஆடுபவர் வேறு முறையில் விடுபவரானால், ஒரு ஆட்டமாவது இப்படி மாற்றி ஆடிப் பாருங்கள்.

அடுத்தது பிடி. வாங்குபவர்கள் அதிகம் யோசிக்காத இடம் இது. புஷ் முறைக்காரர்கள் பலர் விரல்களை விசிறி மாதிரி விரித்து டிஸ்க்கின் அடித்தட்டில் வைப்பார்கள். அப்படிப் பிடிக்கும்போது விரல் நுனிகள் தட்டைத் தொடுகின்றன, உள்ளங்கை விளிம்பைத் தொடுகிறது. எனவே டிஸ்க்கின் ஆழம்தான் உங்களை உறுத்தும். என் கை சிறியது. ஆழமான பட்டரை விரித்துப் பிடித்தால் விரல்கள் தட்டை எட்டுவதற்காக இழுபடும். விடும்போது கடைசி விரல் மாட்டிக்கொள்ளும். ஆழம் குறைந்தது என்றால் விரல்கள் இயல்பாக உட்காரும். ஸ்பின் முறைக்காரர்கள் விரல்களை மடக்கி விளிம்பின் உட்சுவரில் வைப்பார்கள். அவர்களுக்கு ஆழம் பெரிய பிரச்சினை இல்லை. உட்சுவரின் வடிவமும் விளிம்பின் அடியில் இருக்கும் பீடும்தான் கவனிக்க வேண்டியவை.

பீட் என்பது விளிம்பின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் சின்ன மேடு. சிலருக்கு அது விரலுக்கு ஒரு நிச்சயமான இடம் தரும்: ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பிடித்தோம் என்ற நம்பிக்கை. சிலருக்கு அதுவே தடை, கையை விட்டுக் கழலும்போது ஒரு உரசல். எது உங்களுக்கு என்று பேசிக் கண்டுபிடிக்க முடியாது, பிடித்துப் பார்க்க வேண்டும். அதற்கு மிக நல்ல வழி ஜட்ஜ், வார்டன் இரண்டையும் ஒன்றாக வாங்கிப் பார்ப்பது. இரண்டும் டைனமிக் டிஸ்க்ஸின் பட்டர்கள். ஜட்ஜுக்குப் பீட் உண்டு, அதைப் பீட் இல்லாமல் செய்ததுதான் வார்டன். ஒரே பிளாஸ்டிக்கில், ஒரே எடையில் இரண்டையும் எடுத்து மாற்றி மாற்றி விட்டால் வித்தியாசம் விரலுக்கே தெரிந்துவிடும். அடிப்படைப் பிளாஸ்டிக்கில் ஒன்று பத்து, பதினைந்து டாலருக்குள் கிடைக்கும். இந்த விளையாட்டில் செலவழிக்கும் பணத்தில் இதைவிடப் பயனுள்ள செலவை நான் பார்க்கவில்லை. எனக்கு வார்டன் பிடித்துப்போனது இப்படித்தான். தம்பிக்கு ஜட்ஜ்தான் கையில் உட்கார்ந்தது. அங்கிருந்து அதே மாதிரி பீட் உள்ள, கிளைடு குறைந்த விசார்ட்டுக்குப் போனான்.

கட்டைவிரலையும் மறந்துவிடக் கூடாது. மேல்தட்டில் விளிம்புக்கு உள்ளே ஒரு பள்ளம் ஓடும் பட்டர்கள் உண்டு, டிஸ்கிராஃப்டின் பேங்கர் ஜி.டி. அப்படிப்பட்டது. கட்டைவிரல் நழுவுவதாக உணர்பவர்கள் அதைத் தொட்டுப் பார்க்கலாம். எனக்கு அது தேவைப்படவில்லை.

பிளாஸ்டிக்குக்கு வருவோம். பட்டருக்கு அடிப்படைப் பிளாஸ்டிக்தான் என்பது என் உறுதியான கருத்து. விலை உயர்ந்த பிளாஸ்டிக் நீண்ட நாள் உழைக்கும், மரத்தில் மோதினாலும் தழும்பு விழாது. ஆனால் கையில் வழுக்கும். ஈரத்தில் இன்னும் மோசம். அடிப்படைப் பிளாஸ்டிக் சீக்கிரம் தேயும், ஆனால் பிடிப்பு நன்றாக இருக்கும். கூடைக்குப் பத்து மீட்டருக்குள் நின்று விடும் டிஸ்க்குக்கு உழைப்பைவிடப் பிடிப்பே வேண்டும்.

அதிலும் மென்மையா கெட்டியா என்ற கேள்வி உண்டு. மென்மையானது சங்கிலியில் மோதும்போது கொஞ்சம் மடங்கிக்கொடுக்கும், தரையில் விளிம்பில் விழுந்தால் உருண்டோடாமல் படுத்துவிடவும் வாய்ப்பு அதிகம். கெட்டியானது கையிலிருந்து சுத்தமாகக் கிளம்பும். சுண்டி விடுபவர்களுக்குக் கெட்டி பிடிப்பது அதனால்தான். சுண்டும் கணத்தில் விளிம்பு வளைந்துகொடுத்தால் குறி நழுவும். ஆனால் இங்கே தட்பவெப்பமும் சேர்ந்துகொள்கிறது. கோல்டன் கேட் பூங்காவில் ஜூலை மாதத்திலும் பனிமூட்டம் இறங்கி விரல் விறைக்கும். அங்கே கெட்டியான டிஸ்க் இன்னும் கெட்டியாகி, பீங்கான் தட்டைப் பிடிக்கிற உணர்வு வந்துவிடுகிறது. அதே வாரம் ஹெல்யரில் மதிய வெயிலில் ஆடினால், மிக மென்மையான டிஸ்க் துவண்டுபோகும், பிடியை இறுக்கினால் வடிவமே வளையும். அதனால்தான் நடுத்தரத்தில் இருக்கும் பிளெண்டை எடுத்தேன். ஒரே தட்பவெப்பத்தில் ஆடுபவர்களுக்கு இந்தச் சமரசம் தேவையில்லை. அவர்கள் ஊருக்கு ஏற்றதைத் துணிந்து எடுக்கலாம். வெயில் காலத்தில் டிஸ்க்குகளைக் கார் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள், வடிவம் கெட்டுவிடும்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். பட்டரைச் சோதிக்கும்போது எல்லோரும் எத்தனை உள்ளே போனது என்று எண்ணுகிறார்கள். நான் உள்ளே போகாதவற்றைத்தான் பார்க்கிறேன். 15 அடியிலிருந்து எந்தப் பட்டரும் உள்ளே போகும். அங்கே ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. 25 அடியிலிருந்து 33 அடிக்குள் நின்று விடும்போதுதான் டிஸ்க்கின் குணம் வெளியே வருகிறது. அந்தத் தூரத்தில் தவறுவது எல்லோருக்கும் உண்டு. தவறிய டிஸ்க் எந்தப் பக்கம் தவறியது, எவ்வளவு தூரத்தில் போய்க் கிடக்கிறது, அடுத்த வீச்சை அது எளிதாக்குகிறதா கடினமாக்குகிறதா என்பதுதான் எனக்கு அளவுகோல்.

டெலவியாகாவை ஆடியவர்களுக்கு இது உடனே புரியும். 1984-இல் தொடங்கிய பழைய மைதானம் அது. மலைச்சரிவில், ஓக் மரங்களுக்கும் யூகலிப்டஸுக்கும் நடுவே. பல கூடைகள் சரிவிலேயே நிற்கும். காய்ந்த மண், புல் குறைவு. கூடையைத் தாண்டிப் போகும் டிஸ்க் விளிம்பில் விழுந்தால் உருள ஆரம்பிக்கும், சரிவு முடியும்வரை உருளும், சில இடங்களில் தோலில் பட்டாலே அரிக்கும் பாய்சன் ஓக் புதருக்குள் போய்த்தான் நிற்கும். அங்கே ஸ்பின் முறையில் ஆடுபவருக்குக் கிளைடு அதிகமுள்ள பட்டர் பெரிய ஆபத்து. வேகமும் கிளைடும் சேர்ந்தால் தவறிய வீச்சு 20 அடி தாண்டிப் போகும். திரும்பி வரும் வீச்சும் அதே சரிவில். புஷ் முறையில் டிஸ்க் ஏற்கெனவே இறங்கிக்கொண்டு வருவதால் கூடைக்கு அருகிலேயே விழும். அதனால் எனக்குக் கொஞ்சம் கிளைடு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கூடை விளிம்பை எட்டாமல் முன்னாலேயே விழும்.

நான் சோதிக்கும் முறை இதுதான். இரண்டு அல்லது மூன்று வகைப் பட்டர்கள், எடை கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். 175-ஐயும் 165-ஐயும் ஒப்பிட்டால் எது எடையின் குணம், எது வடிவத்தின் குணம் என்று பிரிக்க முடியாது. 25 அடியில் நின்று ஒவ்வொன்றாக, வரிசையை மாற்றி மாற்றி விடுங்கள். ஒன்றையே பத்து முறை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால், கை முதல் டிஸ்க்குக்குப் பழகிவிட்டிருக்கும். ஒவ்வொரு தவறுக்கும் ஒரு சொல் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: இடம், வலம், மேல், கீழ். வேறொரு நாள், கை களைத்த நேரத்தில், ஒரு முழு ஆட்டத்தின் முடிவில் மறுபடி செய்யுங்கள். களைத்த கையிலும் நடந்துகொள்ளும் பட்டர்தான் 16, 17-ஆவது ஹோலில் உதவும்.

அந்தக் குறிப்புகளைப் படிப்பதும் சுலபம்தான். ஒரு டிஸ்க் மட்டும் தொடர்ந்து இடப்பக்கம் கீழே விழுகிறது, மற்றவை அப்படி இல்லை என்றால், உங்கள் சுழற்சிக்கு அதன் ஃபேட் அதிகம். ஒன்று மட்டும் மேலே மேலே போகிறது என்றால் கிளைடு அதிகம், அல்லது பிடியில் ஆழம் ஒத்துவராமல் முனை தூக்கிக்கொள்கிறது. ஒருமுறை இடம், ஒருமுறை வலம் என்று சிதறினால் அது விடும்போது விரல் மாட்டுவதன் அடையாளம். பீடையும் ஆழத்தையும் மாற்றிப் பாருங்கள். எல்லா டிஸ்க்குகளும் ஒரே பக்கம் தவறுகின்றனவா? அப்போது பட்டரில் ஒன்றுமில்லை. நிற்கும் விதத்தையும் கை போகும் திசையையும் கவனிக்க வேண்டும். புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

33 அடி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கூடையிலிருந்து பத்து மீட்டர், அதாவது 33 அடி வட்டத்துக்குள் விடும்போது, விட்ட பிறகு நிலை தடுமாறாமல் நின்று காட்டிய பின்தான் முன்னே காலெடுத்து வைக்கலாம். வட்டத்துக்கு வெளியே, டிஸ்க் கையை விட்டதும் அந்த வேகத்திலேயே முன்னே துள்ளலாம், காலெடுத்து வைக்கலாம். எனவே வட்டத்துக்குள் உங்களுக்கு எவ்வளவு பலம் கிடைக்கிறது என்பது உங்கள் நிலையைப் பொறுத்தது. மரத்தைச் சுற்றிக் கால்களை அகட்டி நிற்க வேண்டி வந்தால் கால் பலம் குறையும். என்னைப் போல் தள்ளி விடுபவர்களுக்கு அப்போது டிஸ்க்கின் கிளைடுதான் துணை. அகட்டி நின்றும் சோதித்துப் பாருங்கள்.

காற்றைப் பற்றிக் கோல்டன் கேட் பூங்கா நிறையக் கற்றுக்கொடுத்தது. எதிர்க்காற்று டிஸ்க்கைத் தூக்கும், பின்காற்று அமுக்கும். பலரும் நினைப்பதற்கு மாறாக, பின்காற்றில்தான் கூடையின் கீழ்ப்பட்டையில் மோதி விழுவது அதிகம். மெதுவாகப் போகும் புஷ் பட் காற்றில் அதிக நேரம் இருப்பதால் பாதிப்பும் அதிகம். இந்த விஷயத்தில் ஸ்பின் முறைக்குத்தான் வெற்றி, மறுக்க முடியாது. காற்றுக்கென்று தனியாக ஃபேட் அதிகமுள்ள இன்னொரு பட்டரை வைத்துக்கொள்ளச் சிலர் சொல்வார்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை. கைக்கு ஒரே உணர்வு வேண்டும். காற்றடிக்கும்போது குறியை மாற்றிக்கொள்வது, டிஸ்க்கை மாற்றிக்கொள்வதைவிட எனக்கு எளிதாக இருக்கிறது. எடையைக் குறைக்காமல் 173 கிராமில் நின்றதும் காற்றுக்காகத்தான். 150 கிராம் பக்கம் இருக்கும் டிஸ்க் சின்னப் பிள்ளைகளுக்குச் சுகமாக இருக்கும், ஆனால் கடல் காற்றில் அலைக்கழியும்.

வட்டத்துக்கு வெளியே கதை வேறு. அங்கே கூடைக்கு அருகில் கொண்டுபோய் வைப்பதுதான் நோக்கம். டெலவியாகா மாதிரி இடத்தில் 50, 60 அடியிலிருந்து நான் எடுப்பது பெர்க். கிளைடு 1 என்பதால், போன இடத்தில் பொத்தென்று உட்காரும். டிஸ்கிராஃப்டின் ஸோனும் இந்த வேலைக்குப் பெயர் பெற்றது. 4, 3, 0, 3 என்ற எண்களே அது வேறு ஜாதி என்று சொல்லிவிடும். இவற்றைக் கடைக்காரர்கள் பட்டர் வரிசையில்தான் அடுக்கி வைத்திருப்பார்கள். கூடைக்குள் போடும் டிஸ்க்காக ஸோனை வாங்கிவிட்டுத் திண்டாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வாங்கும் முன் எந்த வேலைக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டரைத் தூரமாக வீசுவதும் தனி வேலை. 2021 உலகச் சாம்பியன்ஷிப், யூட்டா மாநிலத்தின் ஆக்டன். கடைசி ஹோலில் ஜேம்ஸ் கான்ராட் 247 அடியிலிருந்து நேராகக் கூடைக்குள் போட்டு, மெக்பெத்தைச் சமன் செய்து, பின்பு பிளேஆஃபில் பட்டத்தையும் வென்றார். அன்று அவர் கையிலிருந்தது ஆக்ஸியம் நிறுவனத்தின் என்வி, ஒரு பட்டர். அந்த வீச்சைப் பார்த்துவிட்டு என்வி வாங்கியவர்கள் ஏராளம். அருமையான டிஸ்க்தான், பீட் இல்லாதது, என் கைக்குமே இதமாக இருக்கிறது. ஆனால் அவர் செய்தது தூர வீச்சு. 20 அடியில் நீங்கள் விடுவதற்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. வீசுவதற்கும் அதே வகைதான் வேண்டும் என்றால், உயர்ந்த பிளாஸ்டிக்கில் தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கூடைக்குள் போடும் பட்டரை மரங்களுக்கு நடுவே வீசினால் விளிம்பும் பீடும் சிதைந்து, நீங்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த உணர்வே போய்விடும்.

தேர்வு முடிந்தபின் ஒன்றோடு நிறுத்தாதீர்கள். அதே வகை, அதே பிளாஸ்டிக், முடிந்தவரை அதே எடையில் நாலைந்தாவது வாங்கிவிடுங்கள். பயிற்சிக்கு அத்தனை இருந்தால்தான் ஒவ்வொரு வீச்சுக்கும் நடந்துபோய் எடுத்துவர வேண்டியிருக்காது. அடிப்படைப் பிளாஸ்டிக்கில் ஒரே வகையிலும் ஒவ்வொன்றும் கெட்டித்தன்மையில் கொஞ்சம் வேறுபடும், ஆகவே நேரில் தொட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. தட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஒரே அளவு இறங்கும் டிஸ்க்குகளாகப் பொறுக்கி எடுங்கள். நான் கடையில் நின்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பேன், எந்தக் கடைக்காரரும் ஆட்சேபித்ததில்லை.

அவற்றில் இரண்டை ஆட்டத்துக்கு மட்டும் ஒதுக்கி வையுங்கள். மற்றவை பயிற்சிக் கூடையின் இரும்பில் அடிபட்டுத் தேயட்டும். விளிம்பில் பிசிறு எழுந்தால் நயமான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சமப்படுத்தலாம், விதி அதை அனுமதிக்கிறது; வடிவத்தையே மாற்றும் அளவுக்குத் தேய்த்தால் போட்டியில் பயன்படுத்த முடியாது. தேயத் தேய ஃபேட் குறைந்து, டிஸ்க் இன்னும் நேராகப் போகத் தொடங்கும். தம்பியின் பழைய விசார்ட் ஒன்று இப்போது அந்தப் பதத்துக்கு வந்துவிட்டது. புதிதாக வாங்கிய விசார்ட் என் கையில் இடம் சரிந்தது என்றேனே, இந்தத் தேய்ந்த விசார்ட் சரிவதில்லை. "இதை நீங்களே வெச்சுக்குங்கக்கா" என்று கொடுத்துவிட்டான். பீட் மட்டும் இன்னும் என் விரலில் உரசுகிறது, எனவே ஆட்டத்துக்கு வார்டன்தான். மகளுக்குப் பீட் பிடித்திருக்கிறது. விசார்ட் இப்போது அவள் பையில் இருக்கிறது.